லிமிடெட் டை-காஸ்ட் கார்கள்: எது உண்மையிலேயே அரிது?

உருகிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும் சின்னப் பொம்மைக் கார்களை, அதாவது டை-காஸ்ட் கார்களை, அண்மையில் சேர்க்கத் தொடங்கிய ஒருவர் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். பெட்டியில் ‘லிமிடெட் எடிஷன்’ என்று இருந்தாலே அது அரிய கார்தானா? பிற்காலத்திலும் மதிப்பு குறையாமல் நிற்பவை எவை? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கியதைப் பிரிக்கலாமா, அப்படியே வைக்க வேண்டுமா?

முதல் கேள்விக்கு நேரான பதில்: இல்லை. எத்தனை கார்கள் செய்தார்கள் என்பது பாதிக் கணக்குதான். அதை எத்தனை பேர் தேடுகிறார்கள், நல்ல நிலையில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பது மீதிக் கணக்கு. தயாரிப்பாளரால் பெட்டியில் அச்சிட முடிவது முதல் பாதியை மட்டுமே.

இதற்கு ஹாட் வீல்ஸே தெளிவான சான்று. 1995-ல் அதைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் ‘டிரெஷர் ஹன்ட்’ வரிசையைத் தொடங்கியபோது பன்னிரண்டு கார்கள் வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் 10,000. எண்ணிக்கையில் பன்னிரண்டும் சமம்தான். ஆனால் அந்த வரிசையைத் தேடுபவர்கள் முதலில் கேட்பது 1967 கமாரோவை. ஃபோக்ஸ்வேகன் பக், 1963 ஸ்ப்ளிட் விண்டோ கார்வெட் இரண்டும் அதை ஒட்டி வரும். அதே ஆண்டு, அதே எண்ணிக்கையில் வந்த ‘கோல்ட் பேஷன்’, ‘கிளாசிக் கேடி’ பக்கம் அந்த அளவுக்குக் கூட்டம் இல்லை. கமாரோவுக்கு ஹாட் வீல்ஸ் சேர்ப்பவர்கள் மட்டும் வருவதில்லை. நிஜக் கமாரோவின் ரசிகர்களும், கமாரோ பொம்மைகளை மட்டுமே சேர்ப்பவர்களும் அதே 10,000-க்குப் போட்டி போடுகிறார்கள். அதனால் ஒரு லிமிடெட் காரைக் கையில் எடுக்கும்போது ‘எத்தனை செய்தார்கள்’ என்பதோடு ‘இந்தக் கார் வேறு யாருக்கெல்லாம் வேண்டும்’ என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

சரி, ‘லிமிடெட்’ என்பது தொழிற்சாலையில் எந்த இடத்தில் உருவாகிறது? இது புரிந்துவிட்டால் பெட்டி மேல் எழுதியிருக்கும் பாதி வாசகங்கள் உங்களை அசைக்காது.

டை-காஸ்ட் கார்களின் உடல் துத்தநாகக் கலவையால் ஆனது. ஸாமாக் என்று அதைச் சொல்வார்கள். துத்தநாகத்தோடு ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியம், சிறிதளவு மக்னீசியம், சில வகைகளில் செம்பும் இருக்கும். 380 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகிவிடும் என்பதால் அதிகச் சிரமம் இல்லாமல், நுணுக்கமான வரிகளோடு வார்க்கலாம். உருகிய கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். செலவு முழுக்க அந்த அச்சில்தான். அதைக் கடைந்து எடுப்பதற்குப் பெரும் தொகையும் பல மாத உழைப்பும் தேவை. ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் லட்சக்கணக்கான வார்ப்புகளுக்குத் தாங்கும்.

ஆகவே ஆயிரம் கார்களுக்காக மட்டும் ஒரு நிறுவனம் புது எஃகு அச்சு வெட்டுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். வார்ப்பு எப்போதுமே பெரிய எண்ணிக்கைக்குத்தான் திட்டமிடப்படுகிறது. ‘லிமிடெட்’ என்பது அதற்குப் பிறகு வரும் கட்டங்களில் உருவாகிறது: பெயின்ட், டாம்போ அச்சு (உடலில் ஒற்றும் எழுத்தும் படமும்), சக்கரம், கண்ணாடியின் நிறம், அப்புறம் பெட்டி. சிவப்பில் 999, வெள்ளையில் 999, கறுப்பில் 999 என்று வந்தால் ஒவ்வொரு பெட்டியும் உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த அச்சிலிருந்து வந்த கார்கள் மொத்தம் எத்தனை என்பதை எந்தப் பெட்டியும் சொல்லாது. அதே அச்சு அடுத்த ஆண்டு இன்னும் அழகான நிறத்தில் திரும்பி வரவும் தடை எதுவும் இல்லை.

ரெசின் என்ற கெட்டியாகும் பிசினால் செய்யும் மாடல்களின் கதை வேறு. 1:43, 1:18 (நிஜக் காரில் 43-ல், 18-ல் ஒரு பங்கு) அளவுகளில் ஸ்பார்க், பி.பி.ஆர். போன்ற நிறுவனங்கள் செய்யும் ரெசின் கார்களுக்குச் சிலிகான் அச்சு போதும். அது மலிவு, ஆனால் சில பத்து வார்ப்புகளிலேயே தேய்ந்துவிடும். அங்கே சில நூறு கார்கள் என்று சொன்னால், பெரும்பாலும் உற்பத்தி முறையே அந்த எண்ணிக்கையைத் தீர்மானித்திருக்கிறது. கதவும் பானெட்டும் திறக்காது, கையில் எடுத்தால் கனமும் இருக்காது. உலோகத்தின் எடை உள்ளங்கையில் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு (நான் அந்தக் கட்சி) அது நிறைவைத் தராது. ஆனால் அந்தச் சிறிய எண்ணிக்கை நேர்மையான எண்ணிக்கை.

உலோகத்தின் செலவே ஒரு காரை ‘லிமிடெட்’ ஆக்கிய சம்பவமும் உண்டு. 1996-ல் ஹாட் வீல்ஸ் ஃபோக்ஸ்வேகன் டிராக் பஸ் என்ற வாகனத்தை ‘மெயின்லைன்’ எனப்படும் சாதாரண விலை வரிசையில் வெளியிட்டது. வடிவமைத்தவர் ஃபில் ரீல்மன். மேலே தூக்கித் திறக்கும் உடல், அதன் அடியில் கனமான உலோக அடிப்பகுதி. ஒரு சாதாரணக் காரின் விலைக்குள் அடங்காத அளவு உலோகம் அதற்குத் தேவைப்பட்டது. அதனால் மெயின்லைனை விட்டு அதை எடுத்துவிட்டு, பிறகு நீண்ட காலம் சிறப்பு வெளியீடுகளாகவே கொண்டுவந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், டிராக் பஸ்ஸின் லிமிடெட் பதிப்புகள் ஏராளம். ஆனாலும் அந்த முதல் மெயின்லைன் பஸ்ஸுக்கு இருக்கும் மரியாதை, பின்னால் ‘லிமிடெட்’ முத்திரையோடு வந்த பல பஸ்களுக்கு இல்லை. முதல் வெளியீடு என்பது திரும்பச் செய்ய முடியாத ஒரே விஷயம். நிறத்தைத் திரும்பப் பூசலாம், சக்கரத்தைத் திரும்ப மாட்டலாம். முதல் தடவையை இரண்டாவது முறை வெளியிட முடியாது.

அச்சுகள் நாடு விட்டு நாடும் போகும். இங்கிலாந்தின் டிங்கி டாய்ஸ் அச்சுகள் சில இந்தியாவுக்கு விற்கப்பட்டு, கொல்கத்தாவில் ‘நிக்கி டாய்ஸ்’ என்ற பெயரில் அவற்றிலிருந்து கார்கள் வந்தன. இங்கிலாந்துக் காரைவிட முடிப்பு சற்று முரடாக இருக்கும். இன்று அவற்றை மட்டும் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். யாரும் ‘லிமிடெட்’ என்று அச்சிடாமலே அரிதானவை அவை.

இப்போது சந்தையில் இருக்கும் வகைகளுக்கு வருவோம். பெயர்கள் குழப்பும் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

ஹாட் வீல்ஸ் டிரெஷர் ஹன்ட் 2007-லிருந்து இரண்டு அடுக்காகப் பிரிந்தது: சாதாரண டி.எச்., சூப்பர் டிரெஷர் ஹன்ட் எனப்படும் எஸ்.டி.எச். இப்போதைய வெளியீடுகளில் சாதாரண டி.எச். காரின் உடலில் வட்டத்துக்குள் தீச்சுடர் போன்ற சின்னம் எங்காவது இருக்கும். காருக்குப் பின்னால் அட்டையிலும் வெள்ளி நிறத்தில் அதே சுடர். எஸ்.டி.எச். காரில் ‘டி.எச்.’ என்ற எழுத்துகள் இருக்கும், காருக்குப் பின்னால் அட்டையில் சுடர் பொன்னிறத்தில் இருக்கும், பெயின்ட் ஸ்பெக்ட்ராஃபிளேம், சக்கரம் ரியல் ரைடர்ஸ் எனப்படும் ரப்பர் டயர். ஸ்பெக்ட்ராஃபிளேம் 1968-ல் ஹாட் வீல்ஸ் முதல் பதினாறு கார்களோடு வந்தபோதே பயன்படுத்திய முறை. பளபளப்பாக்கிய உலோகத்தின் மேல் ஒளி ஊடுருவும் நிறப்பூச்சு. வெளிச்சத்தில் திருப்பினால் நிறத்துக்கு அடியிலிருந்து உலோகம் மின்னும். அதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் சாதாரண மெட்டாலிக் பெயின்ட்டோடு குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். கடைக்கு வரும் மெயின்லைன் சரக்குப் பெட்டி ஒன்றில் 72 கார்கள் வரும். எஸ்.டி.எச். ஒவ்வொரு பெட்டியிலும் வராது. அதனால்தான் கடை திறக்கும் முன்பே வாசலில் ஆள் நிற்கிறது.

கார் கல்ச்சர் போன்ற பிரீமியம் வரிசைகளில் ‘சேஸ்’ என்ற ஒன்று, அதாவது தேடிப் பிடிக்க வேண்டிய அரிய கார், வரும். ஐந்து கார்கள் கொண்ட தொகுப்பில் 0/5 என்று எண்ணிட்டு, பெரும்பாலும் கறுப்பு நிறத்தில் இருக்கும். கிரீன்லைட் நிறுவனத்தில் இதே வேலையைப் பச்சைச் சக்கரமோ பச்சை அடிப்பகுதியோ கொண்ட ‘கிரீன் மெஷின்’ செய்கிறது. ஜானி லைட்னிங்கில் ‘வைட் லைட்னிங்’. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எண்ணிக்கையை வெளியே சொல்வதில்லை. பொதுவான ஒன்றோடு ஒப்பிட்டால் குறைவு, அவ்வளவுதான்.

மேட்டலின் ரெட் லைன் கிளப் உறுப்பினர்களுக்காக வெளியிடும் கார்கள் தனி ரகம். வேலைப்பாடு அபாரம்: திறக்கும் பாகங்கள், உலோக அடிப்பகுதி, ஸ்பெக்ட்ராஃபிளேம் எல்லாம் ஒரே காரில். ஆனால் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறி, இருபதாயிரத்தைத் தாண்டுவதும் இப்போது சகஜம். 1995-ன் டிரெஷர் ஹன்டைவிட இரண்டு மடங்குக்கு மேல்! அழகுக்காக வாங்குங்கள், நிச்சயம் தகும். அரிது என்பதற்காக மட்டும் வாங்குவதென்றால் எனக்குத் தயக்கம்.

ஜப்பானின் டோமிகா வேறொரு வழியில் போகிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. 1970-ல் ஆறு கார்களோடு தொடங்கிய வரிசை அது. ஒவ்வொரு மாதமும் மூன்றாவது சனிக்கிழமை புதிய கார்கள் வரும். சில புதிய மாடல்களுக்கு ‘முதல் வெளியீட்டுச் சிறப்பு வகை’ என்று தனி நிறத்தில் ஒரு தொகுதி மட்டும் செய்வார்கள். அது தீர்ந்தால் முடிந்தது. சாதாரண நிறம் வழக்கம்போல் கிடைத்துக்கொண்டிருக்கும். விளையாடும் குழந்தைக்கும் கார் உண்டு, சேர்ப்பவருக்கும் ஒரு தேடல் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் நியாயமான ஏற்பாடு.

எண்ணிக்கை எதுவும் போடாமல் ‘லிமிடெட் எடிஷன்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதற்குப் பொருளே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். 1990-களின் பிற்பகுதியில் இப்படி வந்தவை குவிந்து கிடந்தன. வாங்கிய எல்லோருமே பிரிக்காமல் பத்திரமாக வைத்தார்கள். அதனால் அவற்றில் பல இன்றும் புத்தம் புதிதாக, எளிதாகக் கிடைக்கின்றன. எல்லோரும் பாதுகாத்த ஒன்று அரிதாவதற்கு வழியில்லை.

உண்மையான அரிய கார்களைப் பார்த்தால், பெரும்பாலானவை அரிதாக வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்யப்பட்டவை அல்ல. ஹாட் வீல்ஸ் உலகின் மிகப் பேசப்படும் காரை எடுத்துக்கொள்ளுங்கள்: 1969-ன் பின்பக்கம் ஏற்றும் பீச் பாம். ஃபோக்ஸ்வேகன் வேனின் பின் கண்ணாடி வழியாக இரண்டு சர்ஃப் பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கும் மாதிரி அது. ஆனால் உடல் மிகக் குறுகல், பாரம் மேலே. ஓட்டப் பாதையில் கார்களைப் பிடித்துத் தள்ளும் ‘சூப்பர் சார்ஜர்’ இயந்திரத்தில் அது சரியாகப் போகவில்லை. எனவே பக்கவாட்டில் பலகைகளுக்கு இடம் வைத்து, அடிப்பகுதியை அகலமாக்கி, திருத்திய வடிவத்தைத்தான் கடைக்கு அனுப்பினார்கள். பழைய மாதிரிகள் சில தொழிற்சாலை ஊழியர்கள் வழியாக வெளியே வந்தன. அவற்றிலும் இளஞ்சிவப்பு நிறம் மிக மிக அரிது. ஒரு வடிவமைப்புச் சிக்கலின் மிச்சம் அது.

மேட்ச்பாக்ஸ் வரிசையில் 13-ம் எண் டாட்ஜ் ரெக் டிரக்கும் (பழுதான வண்டிகளை இழுக்கும் லாரி) இப்படித்தான். 1965-ல் வந்தது, பி.பி. எண்ணெய் நிறுவன நிறங்கள். வழக்கமான வண்டியில் முன்பகுதி மஞ்சள், பின்பகுதி பச்சை. முன்பகுதி பச்சை, பின்பகுதி மஞ்சள் என்று நிறம் மாறி வந்தவை விரல்விட்டு எண்ணும் அளவே அறியப்பட்டவை. 1969-ல் ஹாட் வீல்ஸின் வேகத்துக்கு ஈடுகொடுக்க, மேட்ச்பாக்ஸைச் செய்த லெஸ்னி நிறுவனம் ‘சூப்பர்ஃபாஸ்ட்’ சக்கரங்களுக்கு மாறிய காலத்திலும், பழைய நிறத்தோடு புதுச் சக்கரம் சேர்ந்த இடைக்காலக் கார்கள் கொஞ்சம் வெளிவந்தன. மாறுதல் நடக்கும் காலங்களைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது வகை அரிது ஒன்று உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார்கி டாய்ஸ் 1965-ல் வெளியிட்ட ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின், எண் 261, பொன்னிறம். லட்சக்கணக்கில் விற்ற பொம்மை. ஆளைத் தூக்கி எறியும் இருக்கை, பின்னால் எழும் தோட்டா தாங்கும் தகடு எல்லாம் கொண்டது. வெறும் காரைக் கண்டுபிடிப்பது இன்றும் பெரிய பாடில்லை. ஆனால் பெட்டி, அதனோடு வந்த ரகசியக் குறிப்பு உறை, சட்டையில் ஒட்டும் 007 முத்திரை, மாற்றுக்குக் கொடுத்த குட்டி வில்லன் உருவம் எல்லாமே சேர்ந்து இருப்பது அபூர்வம். குழந்தைகள் முதல் நாளே தொலைத்தவை அவை. உங்கள் காலத்துக் கார்களிலும் இப்படித்தான் இருக்கும்: காரோடு வரும் உறை, அட்டை, சான்றிதழ், சின்னத் துணைப் பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இனி போலிகள். விலை ஏறிய எல்லாக் காருக்கும் போலி உண்டு. எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

டை-காஸ்ட் காரின் உடலிலிருந்து கீழ்நோக்கி ஒன்றோ இரண்டோ தூண்கள் இறங்கும். அவை அடிப்பகுதியின் ஓட்டை வழியாக வந்ததும் முனையை நசுக்கி ரிவெட்டாக்கி மூடுகிறார்கள். காரைப் பிரிக்க வேண்டுமானால் அந்த ரிவெட்டைத் துளைத்தே ஆக வேண்டும். எஸ்.டி.எச். போலி செய்பவர் ஒரு சாதாரண மெயின்லைன் காரை எடுத்து, ரிவெட்டைத் துளைத்து, பெயின்ட்டை அகற்றி, மின்னும் பெயின்ட் பூசி, வேறொரு பிரீமியம் காரிலிருந்து எடுத்த ரப்பர் டயர்களை மாட்டி, ‘டி.எச்.’ எழுத்தை டீகாலாக (ஒட்டுப்படமாக) ஒட்டி மூடுவார். நிறம் மாறிய டாட்ஜ் டிரக்குக்கு இன்னும் சுலபம். இரண்டு வண்டிகளின் பாகங்களை மாற்றிப் பொருத்தினால் போதும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது காரின் அடி. தொழிற்சாலை ரிவெட் ஒழுங்காக, ஒரே மாதிரி நசுங்கிய வட்டமாக இருக்கும். அதில் துளை, திருகு, பசை, மேலே தடவிய உலோக நிறம் எது தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். அடுத்து எழுத்துகள். தொழிற்சாலையில் டாம்போ என்ற முறையில், மெத்தென்ற சிலிகான் திண்டால் மையை எடுத்து நேரடியாக உடலில் ஒற்றுகிறார்கள். மை திடமாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். டீகால் என்றால் எழுத்தைச் சுற்றி மெல்லிய படலம் இருக்கும். காரைச் சாய்த்து விளக்கொளியில் பார்த்தால் அதன் ஓரம் பளிச்சென்று தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் சின்னச் சின்ன நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது பிரின்டரில் அடித்தது.

அட்டையோடு இருக்கும் காரென்றால் பிளிஸ்டரின் (காரை மூடி அட்டையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டின்) ஓரத்தைப் பாருங்கள். இயந்திரம் ஒட்டிய ஓரம் நாலு பக்கமும் ஒரே அகலமாக, சமமாக அழுந்தியிருக்கும். பிரித்து ஒட்டியதில் அட்டையின் மேல்தாள் எங்காவது உரிந்திருக்கும், பசை கசிந்திருக்கும், அல்லது ஓரம் அலை அலையாக இருக்கும். பழைய கார்களின் பெட்டிகளையும் போலியாக அச்சிடுகிறார்கள். புற ஊதா விளக்கு ஒன்று கையில் இருப்பது நல்லது. இக்காலத் தாள்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் அந்த விளக்கில் நீலமாக ஒளிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பெட்டி என்று சொல்லப்படுவது அப்படிப் பளீரென்று ஒளிர்ந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அடிப்பகுதியில் இன்னொரு தகவலும் இருக்கிறது, பலர் அதைத் தவறாகப் படிக்கிறார்கள். ஹாட் வீல்ஸ் காரின் அடியில் இருக்கும் ஆண்டு, அந்த வடிவத்தின் உரிமை பதிவான ஆண்டு. கார் தயாரான ஆண்டு அது இல்லை. 1982 என்று அடியில் போட்ட கார் சென்ற வருடம் வார்த்ததாகவும் இருக்கலாம். இதை வைத்தே ‘நாற்பது வருடப் பழைய கார்’ என்று விற்பவர்கள் உண்டு. சிலர் தெரியாமல், சிலர் தெரிந்தே. தயாரிப்புக் காலத்தை அறிய 2008 முதல் ஒரு சிறு குறியீடு இருக்கிறது: ஓர் ஆங்கில எழுத்து, இரண்டு எண்கள். எழுத்து ஆண்டைக் குறிக்கும், எண் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதை. விற்பவர் சொல்லும் வெளியீட்டு ஆண்டும் இந்தக் குறியீடும் பொருந்தவில்லை என்றால், உடலும் அடியும் வேறு வேறு காரிலிருந்து வந்திருக்கலாம். படத்தைப் பார்த்து வாங்குகிறீர்கள் என்றால் அடிப்பகுதிப் படம் இல்லாமல் பணம் அனுப்பவே வேண்டாம். நேர்மையாக விற்பவர் அதைக் கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எப்போது வாங்குவது என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். புதிய வெளியீடு ஒன்றைப் பற்றிப் பேச்சு சூடாக இருக்கும் முதல் சில வாரங்கள்தான் பெரும்பாலும் மோசமான நேரம். சரக்கு எல்லா இடங்களுக்கும் போய்ச் சேராத நிலையில் முதலில் கிடைத்தவர்கள் விலையை வைக்கிறார்கள். சில மாதங்கள் பொறுத்தால் பல கார்கள் இறங்கி வரும். இறங்காமல் நிற்பவை எவை என்பதும் அப்போது தெரிந்துவிடும். இதனால் சில கார்கள் கை நழுவும், உண்மைதான். அதற்காகக் கடை அலமாரியில் அட்டைகளை மடக்கி, பிளிஸ்டர்களை நசுக்கித் தேடுவது, இருக்கிற எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவது எல்லாம் எனக்கு மனதார ஒப்பாத செயல்கள். அந்த அலமாரிக்குக் குழந்தைகளும் வருகிறார்கள். இந்தப் பொம்மையின் மேல் நமக்கு ஆசை வந்ததே ஒரு காலத்தில் நமக்கும் அது கிடைத்ததால்தான்.

எதைச் சேர்ப்பது என்று என்னைக் கேட்டால், அரிதானதைச் சேர்க்காதீர்கள், ஒரு காஸ்டிங்கைச் சேருங்கள் என்பேன். ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் முதல் வெளியீடு, நிற மாற்றங்கள், சக்கர மாற்றங்கள், அப்புறம் முடிந்தால் அதன் லிமிடெட் பதிப்பு என்று போகலாம். நிசான் ஸ்கைலைன், டாட்சன் 510, போர்ஷே 911 போல நிஜ உலகிலேயே ரசிகர் கூட்டம் உள்ள கார் என்றால் தேவை சட்டென்று வற்றாது. இதைவிட முக்கியமான லாபம் ஒன்று இருக்கிறது. ஒரே காஸ்டிங்கை இருபது முப்பது தடவை கையில் எடுத்துப் பார்த்தவருக்கு அதன் ரிவெட் எப்படி இருக்கும், கண்ணாடி எந்தச் சாயலில் வரும், டாம்போ எந்த இடத்தில் தொடங்கும் என்று கண் தானாகப் பழகிவிடும். அதற்குப் பிறகு போலி அவர் கண்ணில் தப்பாது. எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்குபவருக்கு இந்தக் கண் வருவதே இல்லை.

கடைசிக் கேள்வி, பிரிப்பதா வேண்டாமா. எண் பொறித்த பெட்டி, சான்றிதழ், பழைய கார்கள் என்றால் பெட்டியும் மதிப்பின் பங்கு. அதைக் கெடுக்காமல் வைக்க வேண்டும். எஸ்.டி.எச். கார்களை அட்டையோடு வைப்பதே நல்லது, ஏனென்றால் அட்டையின் பொற்சுடர் அது தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்தது என்பதற்கு ஒரு சாட்சி. மற்றபடி சாதாரணக் கார்களைத் தாராளமாகப் பிரியுங்கள். பிளிஸ்டருக்குள் இருக்கும் காரின் அடியையோ பின்பக்கத்தையோ நீங்கள் முழுதாகப் பார்க்கவே முடியாது. இரண்டு கிடைத்தால் ஒன்றைப் பிரித்து ஒன்றை வைப்பது என் வழக்கம்.

பாதுகாப்பதில் எல்லோரும் தூசியை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். தூசி மென்மையான தூரிகையில் போய்விடும். வெயில்தான் முதல் எதிரி. அட்டைகளின் சிவப்பும் இளஞ்சிவப்பும் முதலில் வெளுக்கும், பிளிஸ்டர் மஞ்சளாகும். ஜன்னலுக்கு எதிரே அலமாரி வைக்காதீர்கள்.

இரண்டாவது, பெட்டிக்குள்ளேயே நடக்கும் கேடு. பெரிய 1:18 கார்கள் நுரைப் பொதியில், பிளாஸ்டிக் தாள் சுற்றி வரும். ஈரக்காற்று உள்ளே அடைபட்டு ஆண்டுக்கணக்கில் பெயின்ட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் வேர்க்குரு போலச் சின்னக் கொப்புளங்கள் எழும். அது வந்தபின் சரிசெய்ய முடியாது. அதனால் பெட்டியிலேயே வைப்பதாக இருந்தாலும் சுற்றிய தாளை எடுத்துவிடுங்கள், அவ்வப்போது திறந்து காற்றுப் படவிடுங்கள். டயர்களும் கவனிக்க வேண்டியவை. மென்மையான பி.வி.சி. டயரிலிருக்கும் இளக்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து, அது நிற்கும் பிளாஸ்டிக் மேடையையே உருக்கிப் பள்ளம் பண்ணிவிடும். டயர் மேடையில் படாதபடி காரின் வயிற்றுப் பகுதிக்குக் கீழே சின்ன முட்டு கொடுத்தால் இது நடக்காது. அட்டைகளுக்குப் பாதுகாப்பு உறை வாங்கும்போதும் பி.வி.சி. தவிர்த்து பெட் (PET) அல்லது பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் வாங்குங்கள்.

மூன்றாவது, உலோகத்துக்குள்ளேயே இருக்கும் நோய். துத்தநாகக் கலவையில் ஈயம், காட்மியம், வெள்ளீயம் போன்றவை மிகச் சிறிய அளவில் கலந்துவிட்டாலும், ஆண்டுகள் போகப் போக உலோகத்தின் படிக எல்லைகள் அரிக்கப்பட்டு உடல் வீங்கும், விரிசல் விடும், கடைசியில் கையோடு உதிரும். ஆங்கிலத்தில் ஸிங்க் பெஸ்ட் என்று பெயர். போருக்கு முந்தைய டிங்கி கார்கள் பல இப்படித்தான் அழிந்தன. தூய்மையான துத்தநாகம் பயன்படத் தொடங்கியபின் இது பெருமளவு குறைந்தது, ஆனால் கவனமின்றி வார்த்த புதிய கார்களிலும் எப்போதாவது தலைகாட்டும். பக்கத்துக் காருக்குத் தொற்றும் என்று சிலர் பயப்படுகிறார்கள். தொற்றாது, அந்தந்தக் காரின் கலவையில் பிறந்த குறை அது. மருந்தும் கிடையாது. ஈரமில்லாத, வெப்பம் அதிகம் ஏறி இறங்காத இடத்தில் வைத்தால் மெதுவாகும். பழைய கார் வாங்கும்போது கதவு இடைவெளிகள் ஒரே சீராக இருக்கின்றனவா, உடல் லேசாக வளைந்து நீண்டிருக்கிறதா, பெயின்ட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எவ்வளவு அரிய காராக இருந்தாலும் விட்டுவிடலாம்.

வாங்கிய ஒவ்வொரு காருக்கும் மேல், கீழ், பக்கவாட்டுப் படங்கள் எடுத்து, அடிக் குறியீடு, வாங்கிய தேதி, யாரிடமிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். விற்கும்போதும் மாற்றிக்கொள்ளும்போதும் எதிரே இருப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். கார் எந்த ஆண்டில் வெளுக்கத் தொடங்கியது, எந்த விரிசல் புதிது என்பதும் அந்தப் படங்களை வைத்தே தெரியும்.